அஞ்சு ரோட்டு ஆங்கில வகுப்பு: ‘வாவ்’, ‘அலாஸ்’ பாடம் எப்படி இருக்கிறது?

சேலம் அஞ்சு ரோட்டிலிருந்து ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் போகிற சாலையில், ஒரு மாடியில் ஞாயிறுதோறும் ஆங்கில இலக்கண வகுப்பு நடக்கிறது. மொத்தம் ஆறு ஞாயிறு, காலை 10 முதல் 12 வரை. கட்டணம் 1,800 ரூபாய். 64 பக்க ஜெராக்ஸ் நோட்டும் அதிலேயே சேர்த்தி. இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஐந்தாம் ஞாயிற்றுப் பாடத்தை மட்டும்: இன்டர்ஜெக்ஷன் (‘வாவ்’, ‘அலாஸ்’ போல உணர்ச்சியில் சட்டென்று வரும் சொல்), அதை ஒட்டி வரும் எக்ஸ்க்ளமேட்டரி வாக்கியம் (உணர்ச்சி வாக்கியம்).

‘ஹுர்ரா என்றால் சந்தோஷம், அலாஸ் என்றால் துக்கம்’ என்று பல இலக்கணப் புத்தகங்கள் இந்தப் பாடத்தை அரைப் பக்கத்தில் முடித்துவிடும். எட்டுச் சொல்வகைகளில் கடைசியாக வைத்து, கடைசியாகவே நடத்தி, பரீட்சை நெருக்கத்தில் விட்டுப்போகிற பாடம் இது. இந்த வகுப்பு அதற்கு 38 முதல் 48 வரை 11 பக்கமும், முழுசாக 2 மணி நேரமும் கொடுக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதை வரிவரியாகப் பார்க்கத் தோன்றியது. பெஞ்சில் இருப்பவர்கள் பிளஸ் டூ பிள்ளைகள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், ஏற்காட்டு விடுதிகளில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவர்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக் கடைகளில் வெளியூர் வாடிக்கையாளரோடு பேச வேண்டியவர்கள். மதிப்பெண் வேண்டியவர்களும் பேச்சு வேண்டியவர்களும் ஒரே அறையில். நோட்டு முதல் கூட்டத்துக்காக எழுதப்பட்டது. ஆசிரியை பேசுவது இரண்டாம் கூட்டத்துக்காக. பாடத்தின் பலமும் பலவீனமும் இந்தப் பிளவில்தான் இருக்கிறது.

முதலில் குறை. 38-ஆம் பக்கத்தில் இன்டர்ஜெக்ஷனுக்கு ‘வியப்பைத் திடீரென்று வெளிப்படுத்தும் சொல்’ என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். தமிழில் வியப்பிடைச்சொல் என்று பெயர் வைத்ததால் வந்த வினை இது. வியப்பு என்பது பலவற்றில் ஒன்று. நமக்கு அளவுகோல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு, அதாவது வெளியே தெரியும் உணர்ச்சி, எட்டு. அதில் மருட்கை மட்டும்தான் வியப்பு. ஆங்கிலச் சொற்களை இந்த எட்டில் போட்டுப் பார்த்தால் மாணவருக்குச் சட்டென்று பிடிபடும். ‘வாவ்’ மருட்கை. ‘ஹுரே’, ‘யே’ உவகை. ‘அக்’, ‘யக்’ இழிவுணர்ச்சியான இளிவரலுக்கு நெருங்கி வரும். ‘ஈக்’ அச்சம். ‘டேம்’ வெகுளி, அதாவது கோபம். ‘அலாஸ்’, ‘ஓ நோ’ அழுகை. எட்டுக்கும் வெளியே இன்னொரு கூட்டம் மிச்சம் நிற்கும்: ஆளைக் கூப்பிடும் ‘ஹே’, ‘ப்ஸ்ட்’, வாயை மூடச் சொல்லும் ‘ஷ்ஷ்’, யோசனையைக் காட்டும் ‘ஹ்ம்ம்’, இப்போதுதான் தெரிந்துகொண்டேன் என்று காட்டும் ‘ஓ’. இந்த மிச்சக் கூட்டத்தைப் பற்றி நோட்டில் ஒரு வரி கூடக் கிடையாது. அன்றாடப் பேச்சில் அதிகம் புழங்குவதோ இதுதான்.

பெயருக்கு விளக்கம் சரியாகவே கொடுத்திருக்கிறார்கள். லத்தீனில் ‘இடையில் எறியப்பட்டது’ என்று பொருள். வாக்கியத்தின் எலும்போடு ஒட்டாமல் நடுவில் வந்து விழுகிற சொல். இதில் ஒரு வரலாறு உண்டு; சொன்னால் பிள்ளைகளுக்கு மனதில் நிற்கும். கிரேக்க இலக்கணக்காரர்கள் இந்தச் சொற்களை வினையடையோடு சேர்த்து வைத்திருந்தார்கள். லத்தீனில் ஆர்ட்டிகிள் (ஆங்கிலத்தின் ‘எ’, ‘தி’ போன்ற சொல்) கிடையாது. கிரேக்க வரிசையிலிருந்த எட்டு வகையில் அந்த இடம் காலியானது. எட்டு என்ற கணக்கு குறையாமல் இன்டர்ஜெக்ஷன் தனி வகையாக ஏறியது. ஆங்கிலம் அந்த லத்தீன் வரிசையை எடுத்து, அதிலிருந்த பார்டிசிப்பிளை (எச்சத்தை) விட்டு, பண்புச்சொல்லைத் தனி வகையாக்கி, எட்டு என்ற கணக்கைக் காப்பாற்றிக்கொண்டது.

இன்டர்ஜெக்ஷனைக் கண்டுபிடிக்க நோட்டு தரும் சோதனை நல்லது: சொல்லை எடுத்துவிட்டுப் படி, வாக்கியம் பொருள் குறையாமல் முழுசாக நின்றால் அது இன்டர்ஜெக்ஷன். ‘அவுச், தட் ஹர்ட்ஸ்’ என்பதில் ‘அவுச்’ போனாலும் மீதி நிற்கிறது. ‘வெல், ஐ டோன்ட் நோ’ என்பதில் ‘வெல்’ போகலாம். ‘ஷீ சிங்ஸ் வெல்’ என்பதில் ‘வெல்’ போனால் அவள் நன்றாகப் பாடுகிறாள் என்ற பொருளே போய்விடும், அது வினையடை. ஒரே சொல் இரண்டு வேலை செய்வதை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது பாராட்டத்தக்கது. ‘ஓ’, ‘அவுச்’, ‘ஊப்ஸ்’ போல வேறு வேலையே இல்லாதவை ஒரு வகை. ‘ஹெவன்ஸ்’, ‘வெல்’, ‘பாய்’, ‘மேன்’ போல வேறு வகையிலிருந்து கடன் வாங்கியவை இன்னொரு வகை என்பதையும் சேர்த்திருந்தால் 39-ஆம் பக்கம் நிறைவாக இருந்திருக்கும்.

40 முதல் 44 வரை வாக்கிய மாற்றம். நோட்டின் உயிர் இங்கேதான். சாதாரண வாக்கியத்தை எக்ஸ்க்ளமேட்டரியாக மாற்றுவதைப் படிப்படியாக, ஒரு படியும் தாவாமல் எழுதியிருக்கிறார்கள். ‘இட் இஸ் எ வெரி பியூட்டிஃபுல் லேக்’ என்று ஏற்காட்டு ஏரியை வைத்தே உதாரணம். முதலில் ‘வெரி’யை அடி. அடுத்து, பண்புச்சொல்லுக்குப் பின்னால் பெயர்ச்சொல் இருக்கிறதா என்று பார். இருக்கிறது, ‘லேக்’. அப்படியானால் ‘வாட்’. ‘வாட் எ பியூட்டிஃபுல் லேக்’ என்று முன்னால் கொண்டுவா. மீதி இருக்கும் ‘இட் இஸ்’ஸை அதே வரிசையில் பின்னால் ஒட்டு. ஆச்சரியக்குறி போடு. ‘வாட் எ பியூட்டிஃபுல் லேக் இட் இஸ்!’ பெயர்ச்சொல் பின்னால் இல்லாமல் ‘தி லேக் இஸ் வெரி பியூட்டிஃபுல்’ என்று இருந்தால் ‘ஹவ்’: ‘ஹவ் பியூட்டிஃபுல் தி லேக் இஸ்!’

இங்கே எல்லோரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது, நோட்டு அதைக் கட்டம் போட்டுக் காட்டுகிறது. ‘ஹவ் பியூட்டிஃபுல் இஸ் தி லேக்’ என்று எழுதிவிட்டு ஆச்சரியக்குறி போடுகிறார்கள். எழுவாயும் வினையும் இடம் மாறினால் அது கேள்வி: ஏரி எவ்வளவு அழகு என்று கேட்கிறாய். ‘ஹவ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாகக் கேள்வி வரிசைக்குப் போய்விடுகிறது. பள்ளியில் ‘ஹவ் ஓல்ட் ஆர் யூ’, ‘ஹவ் ஆர் யூ’ என்றே பழகியிருப்பதுதான் காரணம். ‘ஹவ் ஃபாஸ்ட் ஹி ரன்ஸ்!’ என்பதில் ‘டஸ்’ நுழைவதும் இதே பழக்கத்தால். இறந்த காலம் என்றால் ‘ஹவ் ஃபாஸ்ட் ஹி ரேன்!’, ‘டிட்’ வரக் கூடாது. பழைய கவிதைகளில் வரிசை மாறி வரும், அதைப் பரீட்சைத் தாளில் எழுத வேண்டாம்.

41-ஆம் பக்கத்தில் ஒரு தவறு. ‘ஹவ் பியூட்டிஃபுல் எ லேக் இட் இஸ்!’ என்பதற்குப் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். அது பிழை இல்லை. ‘ஹவ்’, பண்புச்சொல், ‘எ’, பெயர்ச்சொல் என்ற வரிசை ஆங்கிலத்தில் உண்டு; எழுத்து நடையில், கொஞ்சம் கம்பீரமாக வரும். பேச்சில் அரிது. மாணவர் அப்படி எழுதி ஆசிரியர் அடித்தால் நஷ்டம் மாணவருக்கு. அடுத்த பிரதியில் திருத்த வேண்டும்.

‘எ’ எங்கே வரும், எங்கே வராது என்பதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்க வேண்டும். நோட்டில் இரண்டே வரி. ஏற்காடு போகிறவர் வாயில் அடிக்கடி வருகிற வாக்கியம் ‘வாட் எ நைஸ் வெதர்!’ அது தவறு. ‘வெதர்’ எண்ண முடியாத பெயர். ‘வாட் நைஸ் வெதர்!’ என்றுதான் வரும். ‘கிளைமேட்’ என்று மாற்றிச் சொன்னால் ‘எ’ ஒட்டும், பொருள் ஒட்டாது: அது ஓர் ஊரின் வருடக்கணக்கான தட்பவெப்பம், இன்றைக்கு அடிக்கிற குளிர்காற்று இல்லை. ‘ட்ராஃபிக்’, ‘ஃபர்னிச்சர்’, ‘அட்வைஸ்’, ‘நியூஸ்’, ‘லக்கேஜ்’ எல்லாமே இந்தக் கூட்டம். ‘வாட் டெரிபிள் ட்ராஃபிக்!’ போதும். பன்மைக்கும் ‘எ’ கிடையாது: ‘வாட் லவ்லி ஆரஞ்சஸ்!’ குழப்புவது என்னவென்றால், கையில் பிடிக்க முடியாத ‘பிட்டி’, ‘ஷேம்’, ‘ரிலீஃப்’ மூன்றும் ‘எ’ வாங்கிக்கொள்ளும்: ‘வாட் எ பிட்டி!’, ‘வாட் எ ஷேம்!’, ‘வாட் எ ரிலீஃப்!’ ஆனால் ‘ஃபன்’ வாங்காது: ‘வாட் ஃபன்!’ விதியாகப் படிப்பதைவிட இந்த நாலையும் அப்படியே வாய்ப்பாடு போல நெட்டுருப் போடுவது நல்லது.

ரிப்போர்ட்டட் ஸ்பீச், அதாவது ஒருவர் சொன்னதை நாம் எடுத்துச் சொல்லும் வாக்கியம், 43, 44-ஆம் பக்கங்களில். தேர்வுக்குப் படிப்பவர்கள் இதற்காகவே பணம் கட்டலாம். ‘ஹுர்ரா! வி ஹேவ் வன் தி மேட்ச்’ என்றால்: ‘செட்’டை ‘எக்ஸ்க்ளைம்ட் வித் ஜாய் தட்’ என்று மாற்று, ‘ஹுர்ரா’வைத் தூக்கு, ‘வி’யை ‘தே’ ஆக்கு, காலத்தை ஒரு படி பின்னே தள்ளு: ‘தே எக்ஸ்க்ளைம்ட் வித் ஜாய் தட் தே ஹேட் வன் தி மேட்ச்.’ ஆச்சரியக்குறி போய் முற்றுப்புள்ளி வரும். ‘வாட் எ க்ளெவர் கேர்ள் யூ ஆர்!’ மாறும்போது ‘வாட் எ’ இருந்த இடத்தில் ‘எ வெரி’ வந்து உட்காரும். அதையும் இதையும் சேர்த்து ‘தட் வாட் எ’ என்று எழுதுவதும், ‘தட் ஹுர்ரா’ என்று இன்டர்ஜெக்ஷனைக் கூடவே இழுத்து வருவதும் தாளில் அதிகம் காணும் இரண்டு பிழைகள். ‘வாட் எ ஃபூல்’ போல பண்புச்சொல்லே இல்லாமல் வந்தால் ‘வெரி’ ஒட்டாது, ‘எ கிரேட் ஃபூல்’ என்று போட வேண்டும்; இந்த நுணுக்கத்தை நோட்டு விடாமல் பிடித்திருக்கிறது. ‘பிராவோ’வுக்கு ‘அப்ளாடட்’, ‘குட் மார்னிங்’குக்கு ‘விஷ்ட்’, ‘குட் பை’க்கு ‘பேட்’ என்று வினைச்சொல் மாறுவதும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்க வேண்டும். ‘ஓ’ வந்தால் ‘வித் சாரோ’ என்று நோட்டு அட்டவணை சொல்கிறது. ‘ஓ’வுக்கு அப்படி ஒரே உணர்ச்சி கிடையாது. ‘ஓ! வாட் எ லவ்லி கிஃப்ட்!’ என்பதில் என்ன துக்கம்? பின்னால் வரும் வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான் ஜாயா, சாரோவா, வொண்டரா என்று முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று: ‘எக்ஸ்க்ளைம்ட் வித் ஜாய்’ தேர்வுத்தாளின் மொழி. இயல்பான ஆங்கிலத்தில் ‘வாட்’டும் ‘ஹவ்’வும் அப்படியே உள்ளே போகும்: ‘ஷீ டோல்ட் அஸ் வாட் எ லவ்லி டே தே ஹேட் ஹேட்’, ‘ஹி ரிமார்க்ட் ஹவ் கோல்ட் இட் வாஸ்’. விடுதியில் வேலை பார்க்கிறவர் மேலாளரிடம் ‘தி கெஸ்ட் எக்ஸ்க்ளைம்ட் வித் ஆங்கர் தட்’ என்று ஆரம்பித்தால் கேட்பவர் திகைத்துப் போவார். இரண்டையும் பிரித்துச் சொல்லும் ஒரு வரி நோட்டில் கட்டாயம் வேண்டும்.

இனி வகுப்பு. ஆசிரியை நோட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் அந்தி நேரத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறார். கீழே சேலம் நகரம் விளக்கு விளக்காக எரிகிறது. ஒவ்வொருவரும் ‘வாட் எ வியூ!’ சொல்ல வேண்டும். பத்துப் பேரில் எட்டுப் பேர் மூன்று சொல்லையும் தனித்தனியாக, ஒரே அழுத்தத்தில், கடைசியில் குரலை ஏற்றிச் சொல்கிறார்கள். குரல் ஏறினால் ‘என்ன, வியூவா?’ என்று திருப்பிக் கேட்பது போல ஆகிவிடும். அவர் கரும்பலகையில் ‘வாட்டெ’ என்று ஒரே சொல்லாக எழுதி, அதை வேகமாக, மெல்ல உருட்டச் சொல்கிறார். ‘வியூ’வில் மட்டும் அழுத்தம், மேலிருந்து கீழே வழுக்கி இறங்கும் குரல். நாலாம் சுற்றில் எல்லோருக்கும் வந்துவிட்டது. அந்தப் பத்து நிமிடம் நோட்டின் 11 பக்கத்துக்குச் சமம்.

அதே இறங்கு குரலில் ‘இஸின்ட் இட் கோல்ட்!’ என்று கேள்வி வடிவத்தில் வியப்பைச் சொல்வதையும் அவர் காட்டினார். இது நோட்டில் இல்லை. ‘ஹவ் கோல்ட் இட் இஸ்!’ என்று இன்றைக்குப் பேச்சில் சொல்பவர் குறைவு. ‘இட்ஸ் ஸோ கோல்ட்!’, ‘இஸின்ட் இட் கோல்ட்!’, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவைப் பார்த்து ‘சச் எ க்ரவுட்!’ இவைதான் வாயில் வருபவை. ‘ஹவ்’ பேச்சில் உயிரோடிருப்பது ‘ஹவ் நைஸ்!’, ‘ஹவ் ஸ்வீட் ஆஃப் யூ!’ போன்ற சின்ன வடிவங்களில்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவும் பகுதியை இன்னும் பெரிதாக்கியிருக்கலாம். நமது ‘அடடா’ இரண்டு வேலை செய்கிறது: ‘அடடா, மறந்துட்டேனே’ என்பதற்கு ‘ஓ நோ’, ‘அடடா, என்ன அழகு’ என்பதற்கு ‘ஓ, ஹவ் லவ்லி!’. ‘அப்பாடா’ என்றால் ‘ஃப்யூ’ அல்லது ‘தேங்க் குட்னஸ்’. ‘அச்சச்சோ’ என்று கையிலிருந்ததைத் தவறவிட்டால் ‘ஊப்ஸ்’. இனிமேல்தான் ஆபத்து வரப்போகிறது என்றால் ‘அ-ஓ’, நடுவில் தொண்டையை ஒரு நொடி அடைத்து. ‘அடேங்கப்பா’வுக்கு ‘வாவ்’ அல்லது ‘மை குட்னஸ்’. ‘ஐயோ பாவம்’ என்றால் ‘ஓ, புவர் திங்!’. ‘ஐயோ’வே 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இடம் பிடித்துவிட்டது, ஆனாலும் லண்டனிலிருந்து வந்த விருந்தினருக்கு அது புரியும் என்று நம்பி இருக்க முடியாது.

ஏற்காட்டு மலைப்பாதையில் 20 ஹேர்பின் வளைவு ஏறி இறங்கும் டிரைவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு சொல் இருக்கிறது. ‘பார்த்து, பார்த்து!’ என்று நாம் கத்துவதை ‘ஸீ, ஸீ!’ என்றோ ‘லுக், லுக்!’ என்றோ மாற்றினால், கேட்பவர் கால் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு அழகான எதையோ தேடி அண்ணாந்து பார்ப்பார். ‘வாட்ச் அவுட்!’ அல்லது ‘கேர்ஃபுல்!’. ஆசிரியை இதை மூன்று முறை சொல்ல வைத்தார். பகோடா பாயிண்ட் பாறை ஓரத்தில் நின்று விருந்தினரைக் கூட்டிக் காட்டுகிறவர் மறக்கவே கூடாத இரண்டு சொற்கள்.

அடுத்தது உச்சுக் கொட்டுதல். நோட்டு 46-ஆம் பக்கத்தில் இதை ‘டிஸ்க் டிஸ்க்’ என்று எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்கிறது. அந்த எழுத்துகள் நாக்கைப் பல்லுக்குப் பின்னால் ஒட்டி இழுக்கும் ஒலிக்கான அடையாளம். நாம் உச்சுக் கொட்டும் அதே ஒலி. ஒலி ஒன்று, பொருள் வேறு. நம் ஊரில் ஒருவர் கஷ்டத்தைச் சொன்னால் உச்சுக் கொட்டுவது இரக்கம். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் கண்டிப்பு, ‘இது சரியில்லையே’ என்ற முகச்சுளிப்பு. பெட்டி தொலைந்துபோன விருந்தினர் சொல்லிக்கொண்டிருக்கும்போது வரவேற்பு மேசையிலிருந்து உச்சுக் கொட்டினால், ‘உன் தப்புதான்’ என்று சொன்னதாக அவர் எடுத்துக்கொள்ளக் கூடும். அந்த இடத்தில் ‘ஓ, ஐயம் ஸோ சாரி’ என்று குரலை இறக்கிச் சொல்ல வேண்டும். இந்த வேறுபாட்டை ஆசிரியையும் தொடவில்லை. பாடத்தில் மிகப் பெரிய விடுபாடு என்று இதைத்தான் சொல்வோம்.

உம் கொட்டுவதும் அப்படித்தான். போனில் ‘ம்... ம்...’ என்று இறங்கு குரலில் நாம் கேட்டுக்கொண்டிருப்பது, ஆங்கிலக் காதுக்கு அக்கறை இல்லாதது போலப் படலாம். ‘ம்-ஹ்ம்’ என்று இரண்டாம் அசையைச் சற்று ஏற்றினால் ‘சொல்லுங்க, கேட்கிறேன்’ என்று ஆகும். ‘அ-ஹ’ என்று மூச்சோடு ஏறினால் ஆம்; ‘அ-அ’ என்று தொண்டை அடைத்து இறங்கினால் இல்லை. இரண்டுக்கும் எழுத்தில் ஒரு மயிரிழைதான் வித்தியாசம், பேச்சில் ரூபாய்க் கணக்கே மாறிவிடும். கொலுசு கடையில் விலை பேசும்போது இதை மாற்றிக் கேட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘அப்படியா’வை ‘இஸ் இட்?’ என்று எல்லா இடத்திலும் போடும் பழக்கத்தை வகுப்பு நன்றாகக் கையாண்டது. ‘ஹி வென்ட் டு மேட்டூர்’ என்றால் ‘டிட் ஹி?’, ‘ஷீ கேன் ஸ்விம்’ என்றால் ‘கேன் ஷீ?’. எதிராளியின் துணைவினையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் தடுமாறினால் ‘ஓ, ரியலி?’ எப்போதும் காப்பாற்றும். அந்த ‘ஓ’வை விட்டுவிட்டு வெறும் ‘ஓகே’ சொன்னால், புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்ட அடையாளமே இல்லாமல் பேச்சு வறண்டுவிடும். காதில் விழாதபோது ‘ஆங்?’ என்று கேட்பதற்கு இணையான ‘ஹ?’ உலகின் பல மொழிகளில் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிப்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. உறவினரிடம் அது சரி, விருந்தினரிடம் ‘சாரி?’ அல்லது ‘பார்டன்?’.

47-ஆம் பக்கத்தில் ‘அலாஸ்’ஸுக்கு இரங்கல் செய்தியை உதாரணமாகக் கொடுத்திருப்பதை நீக்கியே ஆக வேண்டும். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல் அது. ‘லாஸ்’ என்ற பகுதி சோர்ந்தவன் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இன்று அதைக் கதையிலும் பரீட்சையிலும்தான் பார்க்கலாம். தகப்பனாரை இழந்த சக ஊழியருக்கு ‘அலாஸ்! யுவர் ஃபாதர் இஸ் நோ மோர்’ என்று அனுப்புவது, நம்மில் ஒருவர் துக்க வீட்டுக்குப் போய் ‘அந்தோ! ஐயகோ!’ என்று நாடக வசனம் பேசுவதற்குச் சமம். ‘ஐயம் ஸோ சாரி ஃபார் யுவர் லாஸ்’ போதும். ‘ஹார்க்’, ‘லோ’ இரண்டும் இதே பழைய பெட்டியில் சேர்ந்தவை. ‘மை காட்’டை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டாம், பக்தியுள்ளவர் மனம் நோகலாம், ‘காஷ்’, ‘குட்னஸ்’ எல்லாம் அந்தச் சொல்லைத் தவிர்ப்பதற்காகவே உருவானவை.

அதே பக்கத்தின் அடியில் ‘தெரியுமா?’ கட்டத்தில், ‘ஹலோ’ என்பது கிரஹாம் பெல்லின் காதலி பெயர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் கட்டுக்கதை. பெல் மணந்தது மேபல் ஹப்பர்டை. தொலைபேசியில் அவர் விரும்பிய சொல் கப்பல்காரர்களின் ‘அஹாய்’. ‘ஹலோ’வைப் பரிந்துரைத்து 1877-இல் கடிதம் எழுதியவர் எடிசன். ஆசிரியை வகுப்பில் இந்தக் கட்டத்தைப் படிக்கவில்லை. ஆனால் நோட்டு வீட்டுக்குப் போகிறது, தம்பி தங்கைகள் படிக்கிறார்கள்.

நிறுத்தக்குறிப் பகுதி ஒரே பக்கம், அதுவும் பாதி தவறு. இன்டர்ஜெக்ஷன் வந்தால் உடனே ஆச்சரியக்குறி என்று நோட்டு விதி போடுகிறது. உணர்ச்சி வெடித்து வந்தால் ஆச்சரியக்குறி, அடுத்த சொல் பெரிய எழுத்தில்: ‘அவுச்! தட் ஹர்ட்ஸ்.’ மெதுவாக வந்தால் காற்புள்ளி, அடுத்த சொல் சிறிய எழுத்தில்: ‘வெல், லெட் மி செக்.’ வாக்கியம் முழுக்க வியப்பு என்றால் முன்னால் காற்புள்ளி, முடிவில் ஆச்சரியக்குறி: ‘ஓ, வாட் எ வியூ!’ இரண்டு இடத்திலும் குறி போட்டுக் கண்ணைக் குத்த வேண்டாம். ‘ஓ’விலும் இரண்டு உண்டு. ஹெச் எழுத்து சேர்ந்த ‘ஓ’ உணர்ச்சிக்கு, பின்னால் காற்புள்ளி வாங்கும். ஒற்றை எழுத்து ‘ஓ’ விளிப்பதற்கு. எப்போதும் பெரிய எழுத்து, பின்னால் குறி கிடையாது, ‘ஓ காட்’, ‘ஓ கிங்’ என்று பெயரோடு ஒட்டி நிற்கும். நோட்டில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

பணம் கட்டுமுன் கவனிக்க: பிளஸ் டூவுக்கும் போட்டித் தேர்வுக்கும் 40 முதல் 44 வரை உள்ள பக்கங்கள் தாராளமாகப் போதும், கட்டணத்துக்கு நியாயமான சரக்கு. விடுதி, கடை வேலைக்காக வருகிறவர்கள் ஐந்தாம் ஞாயிற்றைத் தவறவிடக் கூடாது. நோட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் குரல் பயிற்சி கிடைக்காது. மின்விசிறிச் சத்தத்தில் பின் பெஞ்சுக்கு ஏறு குரலும் இறங்கு குரலும் ஒன்றுபோலக் கேட்கிறது, முன் இரண்டு வரிசையில் இடம் பிடியுங்கள்.

நோட்டை வாங்கியதும் 40-ஆம் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஜெராக்ஸில் ஜெராக்ஸ் எடுத்ததால் பல பிரதிகளில் ஆச்சரியக்குறியின் அடிப்புள்ளி அழிந்து, வெறும் கோடு மட்டும் நின்று, ‘எல்’ எழுத்து போலத் தெரிகிறது. ‘இஸ்’ஸுக்குப் பின்னால் ஒரு ‘எல்’ இருப்பதாக நினைத்துப் பார்த்தெழுதிய பிள்ளையின் நோட்டு ஒன்று அந்த வகுப்பிலேயே இருந்தது. புள்ளி தெரியாத பக்கத்தைக் காட்டிக் கேட்டால் மாற்றித் தருகிறார்கள்.